புராணம் படித்த மண்டபம்

பாடசாலை அதிபராக இருப்பவனுக்கு ஆண்டில் மூன்று முறை ஒரே வேலை வந்து சேரும். தவணை முடியும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தேர்ச்சி அறிக்கை ஆயத்தஞ் செய்து பெற்றோர் கையிற் சேர்ப்பித்தல் வேண்டும். கணிதத்துக்கு இத்தனை புள்ளி, தமிழுக்கு இத்தனை புள்ளி, வரவு இத்தனை நாள் என்று எழுதி ஒப்பமிடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆயினும் அண்மையில் ஒரு வகுப்பின் தவணை முடிவில் என்ன எழுதுவதென்று அறியாமற் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அது பாடத்திட்டத்தில் உள்ள வகுப்பன்று. இணையவழியிலே நடைபெற்ற புராணக் கதை வகுப்பு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கைத்தொலைபேசியே கரும்பலகையாகிய காலம் அது. வீட்டுக்குள் அடைபட்ட சிறுவர்களுக்கு மாலையிலே ஒரு கதை சொல்லலாமே என்று கோப்பாயிலுள்ள நாங்கள் சிலர் தொடங்கினோம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது அது உறுதி பெற்றது. இப்பொழுது சனிக்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்குக் கூடுகின்றோம். கோடைகாலத்தில் அவ்வேளை இலண்டனிலே பிற்பகல் இரண்டு மணி. தொறன்ரோவிலே காலை ஒன்பது மணி. ஆதலால் கடல் கடந்து வாழும் கோப்பாய் மக்களின் பேரப்பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இது புதுமை என்று பலர் வியந்தனர். கருவி புதிது என்பதில் ஐயமில்லை. ஆனால், குறித்த காலத்திற் கூடி, ஒருவர் கதை சொல்ல ஏனையோர் கேட்டு, முடிவிலே ஒரு பூர்த்தி விழாக் கொண்டாடும் வகுப்பு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. நம் முன்னோர் அதனைக் கோயில் மண்டபத்திலே நடத்தினர். அதற்குப் புராணபடனம் என்று பெயர். அதன் வரலாற்றையே இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகின்றேன்.

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் வாழ்ந்த கச்சியப்ப சிவாசாரியர் இயற்றிய கந்தபுராணம் உற்பத்தி காண்டம், அசுர காண்டம், மகேந்திர காண்டம், யுத்த காண்டம், தேவ காண்டம், தக்ஷ காண்டம் என ஆறு காண்டங்களை உடையது. பாடல்கள் 10,345. இந்நூல் பிறந்த நாட்டிலும் பார்க்க யாழ்ப்பாணத்திலேயே அது மக்கள் வாழ்வோடு மிகுதியும் கலந்தது எனலாம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை முறைக்குக் கந்தபுராண கலாசாரம் என்றே பெயரிட்டனர்.

அந்நூலின் அரங்கேற்றம் பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. முதற்பாட்டிலேயே 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் புணர்ந்த முறைக்கு இலக்கணம் எங்கே என்று அவையிலே ஒருவர் எழுந்து வினவினாராம். ஆசிரியர் விடை கூற இயலாது நின்றாராம். மறுநாள் ஒரு புலவர் சோழநாட்டிலிருந்து வந்து, வீரசோழியம் என்னும் நூலில் அதற்கு விதி உண்டெனக் காட்டினாராம். வந்தவர் முருகப் பெருமானே என்பர். நிகழ்ச்சி உண்மையாயினும் அன்றாயினும், அதைச் சொல்லிச் சொல்லிப் போற்றியவர்களின் மனப்பாங்கு நமக்குப் புலனாகின்றது. தெய்வ நூலேயாயினும் அவையிலிருந்து ஒருவன் கேள்வி கேட்கலாம்; கேட்டால் விடை சொல்லியே ஆகவேண்டும்.

புராணபடனம் நடந்த முறையிலும் இம்மனப்பாங்கு உண்டு. மண்டபத்திலே விளக்கேற்றிப் பட்டுத்துணியிற் பொதிந்த நூலைப் பீடத்தில் வைத்துப் பூசை செய்வர். முற்காலத்தில் ஏடு, பின்னர் அச்சுப் புத்தகம். ஒருவர் பாடலை இராகத்தோடு படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். 'பயன்' என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. உரை என்று கொள்க. படிப்பவர் சந்தி பிரித்துப் படிக்கத் தெரிந்தவராய், சோகத்துக்கு முகாரியும் பிற சுவைகளுக்கு ஏற்ற பிற இராகங்களும் கையாள வல்லவராய் இருத்தல் வேண்டும். பயன் சொல்பவர் இலக்கணமும் சைவ சித்தாந்தமும் அறிந்தவராய், முன்னே இருக்கும் கமக்காரனுக்கும் குழந்தைக்கும் விளங்கும்படி கூறவல்லவராய் இருத்தல் வேண்டும். இருவரும் தவறினால் திருத்துவதற்கு மூன்றாமவர் இருந்தனர். அவர்கள் கேட்போர். ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுப் பழகிய முதியோர் கண்ணை மூடிக்கொண்டிருப்பர். ஒரு சீர் பிழைத்தால் அக்கண்கள் திறந்துவிடும்.

நாளொன்றுக்கு 100 பாட்டுப் படித்தாலும் 10,345 பாட்டையும் படித்து முடிக்க மூன்று மாதத்துக்கு மேலாகும். ஏறத்தாழ ஒரு பாடசாலைத் தவணை! அத்தவணைக்குள்ளே சோதனைகள் இல்லை. ஆனால் சிறப்பு நாள்கள் உண்டு. சூரபன்மன் வதை படிக்கும் நாள் ஒன்று. தெய்வயானையம்மை திருமணம் படிக்கும் நாள் ஒன்று. இறுதியிலே வள்ளியம்மை திருமணப் படலம். அன்று பொங்கலும் பழமும் படைத்து, படித்தவரையும் பயன் சொன்னவரையும் வணங்கி உபசரித்து நிறைவு செய்வர். எழுதப் படிக்க அறியாத பலர் இவ்வாறு ஆண்டுதோறும் ஒரு பெருங்காப்பியத்தை முற்றாகக் கேட்டனர். வேறு நூல்களுக்கும் பருவம் வகுத்திருந்தனர். மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணம். சித்திரைப் பூரணையிலே சித்திரபுத்திரனார் கதை. விநாயக விரதம் 21 நாளும் பிள்ளையார் கதை. கிழக்கிலங்கையிலே கண்ணகி வழக்குரையும் பாரதக் கதையும் இவ்வாறே கோயிலை இடமாகக் கொண்டு வாழ்கின்றன.

இம்மரபு எக்காலத்தில் தோன்றியது என்று ஆண்டு குறித்துச் சொல்லச் சான்று இல்லை. ஆயினும் கதைக் காப்பியங்களில் யாழ்ப்பாணத்தார்க்கு இருந்த பற்று பழையது. அரச குலத்தவராகிய அரசகேசரி வடமொழி இரகுவம்சத்தைத் தமிழிலே பாடினார். கோப்பாய்க்கு அடுத்த ஊராகிய நீர்வேலியில் அவர் பெயரால் அரசகேசரிப் பிள்ளையார் கோயில் இன்றும் விளங்குகின்றது. கோப்பாயிலும் யாழ்ப்பாண மன்னர்க்கு ஓர் அரணிருந்தது. 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் கோப்பாய்க்குப் பின்வாங்கினான் என்று வரலாறு கூறும்.

1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1621ஆம் ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் வந்தனர். ஒல்லாந்த மதகுருவாகிய பால்தேயு 1672இல் வெளியிட்ட நூலிலே வலிகாமத்துக் கோவிற்பற்றுகளைக் கூறுமிடத்துக் கோப்பாயையும் குறித்திருக்கின்றார். அக்காலத்தில் ஊர்தோறும் தேவாலயமும் அதனையொட்டிப் பள்ளிக்கூடமும் இருந்தன. கோயில் மண்டபம் இல்லாத அக்காலத்திலும் கதை ஒழியவில்லை. சுன்னாகத்தில் வாழ்ந்த வரத பண்டிதர் சிவராத்திரி புராணம், ஏகாதசிப் புராணம், பிள்ளையார் கதை என்பவற்றைப் பாடியது ஒல்லாந்தர் ஆட்சியிலேயே. மறுபுறத்திலே, கிறித்தவர்களாகிய தமிழரும் தமது அடியார் கதையைத் தமிழ் யாப்பிலே அமைத்துக்கொண்டனர். தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் பாடிய சந்தியோகுமையோர் அம்மானை அதற்குச் சான்று. சமயம் வேறுபட்டாலும் கதையைக் கூடியிருந்து கேட்கும் பழக்கம் வேறுபடவில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஒல்லாந்தரின் கடுமை தளர்ந்தது. வைத்திலிங்கச் செட்டியார் வண்ணார்பண்ணையிலே வைத்தீசுவரன் கோயிலைக் கட்டினார். அக்கோயிலிலேயே 1847ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தனர். அப்போது அவருக்கு வயது 25. பேர்சிவல் பாதிரியாரிடம் பணிபுரிந்து, விவிலியத்தைத் தமிழிலே பெயர்க்க உதவியவர் அவர். பாதிரிமார் வாரந்தோறும் மக்களைக் கூட்டி வசன நடையிலே போதிப்பதன் வலிமையை நேரிற் கண்டவர். படனத்திலே பேசுபவர் பாட்டின் வழியே செல்லவேண்டும். பிரசங்கத்திலே அவர் தாம் எடுத்த பொருளின் வழியே செல்லலாம். நாவலர் இரண்டையும் போற்றினர். அடுத்து அச்சியந்திரம் நிறுவி, 1852ஆம் ஆண்டு பெரியபுராண வசனத்தை வெளியிட்டனர். மண்டபத்திலே கேட்ட கதை அன்று முதல் வீட்டுத் திண்ணையிலும் வாசிக்கத்தக்கதாயிற்று.

நாவலரின் வழிவந்தவருள் எம்மூரவர் ஒருவர் உண்டு. கோப்பாய்ச் சபாபதி நாவலர், சிதம்பரத்திலே ஆறுமுக நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையிலே தலைமையாசிரியராய் இருந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தாரால் நாவலர் எனப் பட்டம் சூட்டப்பெற்றவர். 1899ஆம் ஆண்டு வெளிவந்த அவரது திராவிடப் பிரகாசிகை தமிழ் நூல்களின் வரலாற்றை ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் ஒன்று. அவர் 1903இல் மறைந்தார்.

இருபதாம் நூற்றாண்டிலே கதைக்கு மேலும் இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று வானொலி. 1925ஆம் ஆண்டு இலங்கையிலே ஒலிபரப்புத் தொடங்கிற்று. காலப்போக்கிலே புராணப் பிரசங்கமும் கதாப்பிரசங்கமும் கோயில் மதிலைக் கடந்து வீட்டுக்குள் வந்தன. மற்றது பெண்களின் குரல். படிப்பவரும் பயன் சொல்பவரும் பெரும்பாலும் ஆடவராகவே இருந்த மரபில், தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலைத் தொண்டாற் சிறக்கச் செய்த தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் தோன்றி நெடுங்காலம் ஈழத்திலும் பிற நாடுகளிலும் புராணப் பொருளை எடுத்துரைத்தனர். அவர் 2008இல் மறைந்தார். பண்டிதமணி அவர்களோ 1967ஆம் ஆண்டு தக்ஷ காண்டத்துக்கு உரை எழுதி, மண்டபத்திலே பயனாகச் சொல்லப்பட்டதைக் கற்போர்க்கு நிலையான செல்வமாக்கினர்.

பின்னர்ப் போர் வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே புறப்பட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தோம். மண்டபங்கள் வெறுமையாயின. மறு ஆண்டு மீண்டவர்கள் விளக்கேற்றினார்கள்; ஆனால் படித்தவர்களுள் பலர் திரும்பவில்லை. சிலர் கொழும்பிலும் சிலர் கடல் கடந்தும் தங்கினர். இன்று ஒரு கோயிலிலே புராணம் படிக்க வேண்டுமானால் இராகத்தோடு படிக்கத் தெரிந்தவரைத் தேடவேண்டியுள்ளது. அவர் கிடைத்தால் பயன் சொல்பவரைத் தேடவேண்டியுள்ளது. இருவரும் கிடைத்த ஊரிலே பிழை கண்டு கண் திறக்கும் முதியவரைத் தேடவேண்டியுள்ளது.

நேயர்களே, இதுகாறும் மண்டபத்தின் பெருமையையே கூறினேன். வரலாறு கூறப் புகுந்தவன் அதன் குறையையும் கூறக் கடமைப்பட்டவன்.

நான் சிறுவனாய் இருந்த காலம், 1970களின் பிற்பகுதி. ஓர் ஊர்க் கோயிலிலே புராணபடனம் நடக்கும். நான் பாட்டனாருடன் சென்று மண்டபத்தில் இருப்பேன். மதிலுக்கு வெளியே ஒரு பூவரச மரம் நின்றது. அம்மரத்தடியில் முதியவர் ஒருவர் சால்வையை அரையிற் கட்டிக்கொண்டு நின்றபடியே கேட்பார். அவர் எங்கள் தோட்டத்திலே வேலை செய்பவர். ஒருநாள் வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டே, முதனாள் படித்த படலத்தின் பயனை எனக்கு ஒழுங்காகச் சொன்னார். பயன் சொன்னவர் மறந்துவிட்ட ஓர் உவமையையும் எடுத்துச் சொன்னார். அவர் ஏன் உள்ளே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆதலால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சட்டம் அதற்கு முன்னரே வந்துவிட்டது. பிறப்பின் பெயரால் ஒருவரைப் பொதுவிடங்களிலே தடுப்பது குற்றமென்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் விதித்தது. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. முருகன் புராணத்தை ஆண்டுதோறும் கேட்ட நாட்டிலே, முருகன் வாயிலிலேயே அப்போராட்டம் நடக்க வேண்டியிருந்தது. பின்னர்க் கோயில்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. ஆனால் அம்முதியவர் மண்டபத்தில் இருந்து புராணம் கேட்டதை நான் காணவில்லை.

இனி எமது இணையவழி வகுப்புக்கு வருகின்றேன். இவ்வகுப்பிலும் குறைகள் உள. படம் உறைந்து நிற்கும். குரல் அறுந்து போகும். தொலைபேசி இல்லாத பிள்ளைகள் அயல் வீட்டுக்குச் சென்று மூவர் நால்வராய் ஒன்றின் முன்னே நெருங்கி இருப்பர். பிறநாட்டுப் பிள்ளைகளுக்குச் சில சொற்களை இருமுறை விளக்கவேண்டும். 'வேள்வி' என்பதற்கு ஒரு மாலைப்பொழுதே சென்றுவிட்டது. ஆயினும் ஒன்று உண்டு. அங்கே பூவரச மரம் இல்லை. எல்லோரும் ஒரே அளவான கட்டத்துக்குள்ளே முகங்காட்டுகின்றார்கள். யார் எவ்வீட்டுப் பிள்ளை என்று கேட்பார் இல்லை.

சென்ற தவணையின் கடைசி வகுப்பிலே சூரபன்மன் போர் முடிந்து, தேவர் சிறை மீண்டு, தெய்வயானையம்மை திருமணமும் நிறைவெய்தியது. மங்களமாய் முடித்துவிட்டோம் என்று நான் மகிழ்ந்திருந்தேன். அப்பொழுது எங்கள் ஊர்ச் சிறுமி ஒருத்தி, அயல் வீட்டுத் தொலைபேசியின் முன் இருந்தவள், கேட்டாள்: "சேர், தேவர்கள் நல்லவர்கள்தானே? அப்படியென்றால் அவர்கள் ஏன் அவ்வளவு காலம் சிறையிலே கிடந்தார்கள்?"

நான் சிறிது நேரம் பேசவில்லை. அக்கேள்வி புராணத்திலேயே இருக்கின்றது. வெற்றியெல்லாம் முடிந்த பின்னர், தக்ஷ காண்டத் தொடக்கத்திலே, இந்திரன் மகனாகிய சயந்தன் தேவகுருவாகிய வியாழனிடம் அதே கேள்வியைக் கேட்கின்றான். நாங்கள் இத்துன்பம் அடைந்தது எதனால்? தக்கன் சிவபெருமானை இகழ்ந்து வேள்வி செய்தபோது நீங்கள் அவ்வவையில் இருந்தீர்கள். அதன் பயனே இது என்று குரு விடை கூறுகின்றார். ததீசி முனிவர் ஒருவரே எழுந்து தக்கனை இடித்துரைத்து, அவன் கேளாமையால் அவையை நீங்கிச் சென்றவர். ஏனையோர் அவிர்ப்பாகம் வாங்க இருந்துவிட்டனர்.

கதையை அச்சிறுமிக்குச் சுருக்கமாகச் சொன்னேன். தவறு நடக்கும் அவையிலே ஒன்றும் பேசாமல் இருந்தவர்க்கும் அத்தவற்றிலே பங்கு உண்டு என்றேன். சொல்லும்போதே என் மனம் மதிலுக்கு வெளியே நின்ற அம்முதியவரிடம் சென்றது. தக்ஷ காண்டத்தை ஆண்டுதோறும் படித்தோம். படித்தவரும் பயன் சொன்னவரும் கேட்டவரும் அவையிலேயே இருந்தோம். ஒரு சீர் பிழைத்தால் கண் திறந்த எங்கள் பெரியோர் இந்தப் பிழைக்குக் கண் திறக்கவில்லை. அக்குறை நூலினுடையதன்று, எங்களுடையது.

ஆதலாலேதான் தேர்ச்சி அறிக்கை எழுத இருந்தபோது பேனா ஓடவில்லை. எத்தனை கதை கேட்டனர், எத்தனை பேர் தவறாது வந்தனர், யார் முதற்பாட்டை மனனம் செய்தனர் என்று எழுதலாம், அவற்றையும் எழுதினேன். பிறநாட்டுப் பிள்ளைகளுள் இருவர் இராகத்தோடு படிக்கப் பழகுகின்றனர். அதுவும் எழுதத்தக்கதே, ஏனெனில் படிப்பவர் இல்லாவிட்டால் பயனுக்கும் இடமில்லை. அச்சிறுமியின் அறிக்கையிலே மட்டும் புள்ளி இடவில்லை. "சயந்தன் கேட்ட கேள்வியைக் கேட்டாள்" என்று ஒரு வரி எழுதினேன். அவளுடைய தாயார் பாடசாலைக்கு வந்து, இதற்கு எத்தனை புள்ளி என்று வினவினார். கதை முழுவதையும் அவருக்கும் சொன்னேன். கேட்டு முடித்தவர், "அடுத்த தவணை நானும் பக்கத்தில் இருந்து கேட்கலாமோ?" என்றார்.

கேட்கலாம். அடுத்த தவணை தக்ஷ காண்டத்தில் தொடங்கி வள்ளியம்மை திருமணத்தில் நிறைவெய்தும். நேயர்களே, உங்கள் ஊர்க் கோயிலிலே புராணம் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவரருகே ஒரு பிள்ளையை இருத்துங்கள். அப்பிள்ளை எவ்வீட்டுப் பிள்ளையாயினும் ஆகுக. அது கேள்வி கேட்டால் விடை சொல்லுங்கள். புராணபடனம் வாழ்வதற்கு வேண்டியது அவ்வளவே.